பரிசும் பழியும்

ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் நியூயார்க் மாநகரில் ஒரு விருந்து நடைபெறுவது வழக்கம். கொலையை எழுதிப் பிழைப்போர் கூடும் விருந்து அது! கத்தியையும் நஞ்சையும் துப்பாக்கியையும் தாளில் மட்டுமே கையாண்டறிந்த அந்தக் கூட்டத்தார், ஆண்டின் சிறந்த குற்றப் புனைகதை இதுவெனத் தேர்ந்து, எழுதியவர் கையில் பீங்கானாற் செய்த சிறு தலைச்சிலை ஒன்றை வழங்குவர். சிலையில் இருப்பவர் எட்கர் ஆலன் போ. பரிசின் பெயரும் எட்கர். 1945-ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் 1946 முதல் வழங்கிவரும் பரிசு இது. குற்றம் செய்தால் பலன் கிட்டாது என்பது அந்நாட்டார் அடிக்கடி சொல்லும் சொல். குற்றத்தை எழுதினாலும் போதிய பலன் கிட்டுவதில்லை என்று அதனைத் திருப்பிப் போட்டுத் தம் சங்கத்தின் முழக்கமாக்கிக் கொண்டவர்கள் அவர்கள். நகைச்சுவை உணர்வு உடையவர்கள்தாம். ஆனால் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் செய்த ஒரு காரியம் நகைப்புக்கு உரியதன்று.

துப்பறியும் கதை, அதற்கொரு பரிசு, அந்தப் பரிசுக்கொரு திறனாய்வா என்று முகஞ்சுளிக்கும் புலமைச் செருக்கை நாம் அறியாதவர்கள் அல்லோம். இருப்பூர்தியில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச் செல்லும் நூல்தானே என்பார்கள். இருக்கட்டும். வரமும் சாபமும் புகுந்து சிக்கலை அவிழ்க்கும் கதைகள் எத்தனையோ மொழிகளில் எத்தனையோ நூற்றாண்டுகளாக உலவி வந்த உலகில், சான்று ஒன்றையே ஊன்றுகோலாகக் கொண்டு நடப்பேன் என்று சூளுரைத்துப் பிறந்த இலக்கியம் இது. 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரோனால்டு நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல் எதுவும் கதைக்குள் நுழையலாகாது என்பது அவற்றுள் ஒன்று. வகுத்தவர் யார்? கத்தோலிக்கப் பாதிரியார்! கோயிலுக்குள் இருத்தி வணங்கியதைக் கதைக்குள் வராதே என்று வாயிலிலேயே தடுத்துவிட்டார் அந்தப் பெரியவர். அதே பத்தில் இன்னொரு கட்டளையும் உண்டு: சீனர் எவரும் கதையில் தோன்றலாகாது என்பது. மலிவுக் கதைகளில் கொடியவன் என்றாலே சீனன் என்று எழுதிக் குவித்த வழக்கத்தை எள்ளி நகையாடவே அப்படி வரைந்தார் என்பர். எள்ளலாகவே இருக்கட்டும். பேயை ஒரே வரியில் வெளியேற்றிவிட முடிந்தது. வெறுப்பை வெளியேற்றப் புகுந்தபோதோ, வெறுக்கப்பட்டவன் அல்லவா வெளியே தள்ளப்பட்டான்!

அந்தக் குறை போவிடம் இல்லை. பரிசுக்குப் பெயர் தந்த மனிதர் 1841-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து ஏடொன்றில் எழுதிய பிணவறைத் தெருக் கொலைகளைத்தான் துப்பறியும் இலக்கியத்தின் தலைமகவு என்று ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். பாரிசில் ஒரு வீட்டின் மேல்மாடியில் தாயும் மகளும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கிறது. படியேறி ஓடிவந்தோர் காதில் இரண்டு குரல்கள் விழுந்தன. ஒன்று பிரெஞ்சுக்காரன் குரல். அதில் எவர்க்கும் ஐயமில்லை. மற்றது கீச்சுக்குரல். அது எந்த மொழி? இத்தாலி மொழி என்கிறான் ஒரு பிரெஞ்சுக்காரன். அவனுக்கு இத்தாலி மொழி தெரியாது. ஜெர்மன் என்கிறான் ஆங்கிலேயன்; அவனுக்கு ஜெர்மன் தெரியாது. ஆங்கிலம் என்கிறான் ஸ்பெயின் நாட்டான். அவனோ ஆங்கிலம் அறியாதவன். உருசியன் குரல் என்கிறான் இத்தாலியன்; உருசியன் ஒருவனோடும் அவன் பேசியதே இல்லை.

ஒவ்வொருவனும் தான் அறியாத அயலான் மீது அந்தக் குரலை ஏற்றிவிட்டான், பாருங்கள்! ஒருவனும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் உண்மையாகவே அப்படித்தான் கேட்டார்கள். எனக்குப் புரியாதது என்பதற்கும் அயலானுடையது என்பதற்கும் இடையே இருந்த இடைவெளியை அவர்கள் காணவில்லை. துப்பறிவாளன் துய்ப்பன் அந்த முரண்பாட்டையே திறவுகோலாகக் கொள்கிறான். இத்தனை பேரும் இத்தனை மொழி சொல்கிறார்களே, அப்படியானால் அது மொழியே அன்று என்று முடிவு கட்டுகிறான். குரல் மனிதக் குரலன்று. தப்பியோடிய ஒரு வாலில்லாக் குரங்கின் குரல்.

இந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். படித்தவர்களில் பலர் அவனை மறந்துவிடுகிறார்கள். லெ போன் என்னும் வங்கி எழுத்தன். கொலைக்கு மூன்று நாள் முன்பு அந்த அம்மையாரின் பணத்தை, நாலாயிரம் பிராங்கை, இரண்டு பைகளில் சுமந்து வீடுவரை கொண்டுவந்து கொடுத்தவன். அவன்மேல் வேறு எந்தத் தடயமும் இல்லை. பணமும் களவு போகவில்லை, தரையிலேயே கிடக்கிறது. ஆயினும் காவல் துறை அவனைப் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டது! எவனையாவது அடைக்கவேண்டுமே! துய்ப்பன் இந்த வழக்கில் தலையிட்டதற்கு ஒரு காரணம், தனக்கு முன்னொரு நாள் உதவி செய்த அந்த எளிய எழுத்தன்பால் அவன் கொண்டிருந்த நன்றி. கதை முடிகிறது. எவனும் தூக்கு மேடை ஏறவில்லை. குரங்கு உயிர்க்காட்சிச் சாலைக்குப் போகிறது. எழுத்தன் வீட்டுக்குப் போகிறான். முதல் துப்பறியும் கதையில் அறிவு செய்த வேலை சிறைக் கதவைத் திறந்தது.

எட்கர் என்று பெயர் சூடிய பரிசை எந்த அளவுகோலால் அளப்பது என்று நம்மைக் கேட்டால், அந்த எழுத்தனைக் கொண்டுதான் என்போம். முடிச்சு எவ்வளவு இறுக்கம், முடிவு எவ்வளவு வியப்பு என்பன பின்னால் வரட்டும். யாரைக் குற்றவாளி என்று எளிதில் நம்புகிறது இந்த இலக்கியம்? யாருடைய சொல்லைச் சான்று என்று கொள்கிறது? பரிசு வழங்கும் பெரியோர் இதை எண்ணிப் பார்த்தார்களா?

செஸ்டர் ஹைம்ஸ் என்பாரின் வாழ்வை எடுத்துக் கொள்வோம். 1909-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். 1928-இல் கொள்ளைக் குற்றத்துக்காக 20 முதல் 25 ஆண்டுத் தண்டனை பெற்று ஒகையோ சிறை புகுந்தார். குற்றம் செய்தவர்தாம், அதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. 1930-இல் அச்சிறையில் தீ மூண்டு முந்நூறுக்கும் மேற்பட்ட கைதிகள் வெந்து மாண்டனர். கண்ணாற் கண்ட அந்தக் கொடுமையைச் சிறைக்குள்ளிருந்தே கதையாக்கினார். 1934-இல் எஸ்குவயர் ஏடு அதை வெளியிட்டது. 1936-இல் விடுதலை. அதன்பின் எழுதினார், எழுதினார், தம் நாடு தம்மைப் படிக்கும் என்று காத்திருந்தார். 1953-இல் கப்பலேறி ஐரோப்பா சென்றுவிட்டார்.

பாரிசில் மார்செல் துயமேல் என்னும் பதிப்பாசிரியர், துப்பறியும் கதை எழுதுங்கள் என்று அவரைத் தூண்டினார். பிறந்தது ஹார்லெம் வரிசை. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் அந்தப் பகுதியின் சந்து பொந்துகளைப் பாரிசிலிருந்து எழுதினார் ஹைம்ஸ். முதல் நூலில் ஒருவன் பத்து டாலர்த் தாளை நூறு டாலர்த் தாளாக்கித் தருவதாகச் சொல்லும் கும்பலிடம் பணத்தைப் பறிகொடுக்கிறான். அவன் உடன்பிறப்போ கன்னிமாடத்துத் துறவியாக மாறுவேடம் பூண்டு, தெருவில் நின்று வானுலகத்துக்கு நுழைவுச் சீட்டு விற்கிறான்! வாங்குகிறார்கள், ஐயா, வாங்குகிறார்கள்! இத்தனை சிரிப்புக்கு அடியில் இத்தனை சினத்தை வைத்து எழுதிய துப்பறியும் நூலை நாம் வேறு காணோம். அமெரிக்காவில் அது 1957-இல் மலிவுப் பதிப்பாக வந்து மறைந்தது. பிரெஞ்சு மொழியில் வந்தபோது, 1948 முதல் அந்நாடு வழங்கிவரும் துப்பறியும் இலக்கியப் பெரும்பரிசு 1958-ஆம் ஆண்டில் அதற்குக் கிடைத்தது.

பிரான்சு நாட்டை நாம் புகழ வரவில்லை. அல்ஜீரியாவில் தன் படை நடத்திய சித்திரவதையை எழுதிய ஆன்றி அலேக்கின் நூலை அதே 1958-இல் பறிமுதல் செய்ததும் அதே பிரான்சுதான். அயல்நாட்டு அநீதியைக் காணும் கண் உள்நாட்டு அநீதியைக் காணும்போது மங்கிவிடுவது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையன்று. ஆனாலும் கணக்கு கணக்குதான். 1984-இல் ஸ்பெயின் நாட்டில் ஹைம்ஸ் கண்மூடும்வரை எட்கர் பரிசு அவரை நாடி வரவில்லை. வெள்ளையரான ஜான் பால், தென்பகுதிச் சிற்றூருக்கு வந்து சேர்ந்த கறுப்பினத் துப்பறிவாளன் ஒருவனை நாயகனாக்கி எழுதிய முதல் நாவலுக்கு 1966-இல் எட்கர் கிடைத்தது. நல்ல நூல்தான், தொடருந்து நிலையத்தில், கறுப்பன் பையில் பணம் இருக்கிறதே என்பதற்காகவே துப்பறிவாளனையே கொலைகாரன் என்று பிடித்துக்கொள்ளும் காட்சி ஒன்று போதும். கறுப்பின நாயகனுக்கு மேடையில் இடம் கிடைத்தது. அந்த மக்களிலிருந்து வந்த எழுத்தாளனுக்கு இல்லை. வாழ்நாள் பணிக்காக அச்சங்கம் வழங்கும் பேராசான் பட்டம் 1955-இல் அகதா கிறிஸ்டியிடம் தொடங்கியது. வால்டர் மோஸ்லியின் கையில், ஒரு கறுப்பின எழுத்தாளர் கையில், முதன்முதலாக அது சேர்ந்த ஆண்டு 2016. இடையே 61 ஆண்டுகள்!

2018 ஏப்ரலில் சிறந்த நாவலுக்கான எட்கர் அட்டிகா லாக் என்னும் கறுப்பினப் பெண்மணிக்குக் கிடைத்தது. கிழக்கு டெக்சாசில் நெடுஞ்சாலையோரச் சிற்றூர் ஒன்றில் இரண்டு பிணங்கள் நீரில் மிதக்கின்றன. ஒருவன் சிகாகோவிலிருந்து வந்த கறுப்பின வழக்குரைஞன், மற்றவள் உள்ளூர் வெள்ளைப் பெண். முதலில் செத்தவன் அவன். அவன் செத்தபோது அசையாத ஊர், அவள் செத்ததும் கண் சிவந்து எழுகிறது. கொலைகளின் வரிசையிலேயே ஒரு நாட்டின் வரலாற்றை அடக்கிக் காட்டிய கதை அது. பரிசு தகுதியான இடம் சென்றது என்று மகிழ்ந்தவர்களில் நாமும் ஒருவர்.

ஏழு திங்கள் கழியவில்லை. நவம்பர் இறுதியில் சங்கம் 2019-க்கான பேராசான் பட்டத்துக்கு இருவர் பெயரை அறிவித்தது. ஒருவர் மார்ட்டின் குரூஸ் ஸ்மித். மற்றொருவர் லிண்டா ஃபேர்ஸ்டீன். மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் பாலியல் குற்றப் பிரிவின் தலைவராக நெடுங்காலம் இருந்து, 1996 முதல் துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெரும் விற்பனை கண்டவர். அறிவிப்பைக் கண்டதும் அட்டிகா லாக் பொதுவெளியில் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். இரண்டே நாளில் பட்டம் திரும்பப் பெறப்பட்டது.

எதிர்ப்பு ஏன்? 1989 ஏப்ரல் 19 இரவு நியூயார்க் நடுவண் பூங்காவில் ஓடுபயிற்சி செய்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் குற்றுயிராய்க் கிடந்தார். நடந்தது எதுவும் பின்னாளில் அவர் நினைவுக்கு வராத அளவுக்கு அடி. ஊர் கொதித்தது, கொதித்தது முறையே. கெவின் ரிச்சர்ட்சன், ரேமண்ட் சந்தானா, ஆன்ட்ரன் மெக்ரே, யூசுப் சலாம், கோரி வைஸ் என்னும் ஐந்து சிறுவர் பிடிபட்டனர். நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் இலத்தீன் அமெரிக்க மரபினர். அகவை 14 முதல் 16 வரை. நீண்ட நேர விசாரணைக்குப் பின் நால்வர் வாக்குமூலம் ஒளிப்படச் சுருளில் பதிவாயிற்று. வழக்கு முடியுமுன்பே, கொலைத் தண்டனையை மீண்டும் கொண்டுவருக என்று பணக்காரர் டொனால்டு டிரம்ப் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். மரபணுச் சோதனை ஐவரில் எவரோடும் பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் என்ன, வாக்குமூலம் இருக்கிறதே! 1990-இல் ஐவரும் தண்டிக்கப்பட்டனர்.

2002-இல் வேறு குற்றங்களுக்காகச் சிறையில் இருந்த மத்தியாஸ் ரேயஸ், அதைச் செய்தவன் நான், நான் ஒருவனே என்று முன்வந்து சொன்னான். மரபணு அவனோடு பொருந்திற்று. மாவட்ட வழக்குரைஞர் அலுவலகம் பழைய வாக்குமூலங்களை எடுத்து வைத்து ஆராய்ந்தது. யார் அடித்தது, எப்போது, எந்த இடத்தில், எதனால் என்று ஏறத்தாழ எல்லா முதன்மைச் செய்தியிலும் ஒருவன் சொன்னதற்கும் மற்றவன் சொன்னதற்கும் ஒட்டில்லை என்று அவ்வலுவலகமே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்புகள் தள்ளுபடியாயின. அதற்குள் ஐவரும் ஏறத்தாழ 6 முதல் 13 ஆண்டுவரை சிறையில் கழித்துவிட்டனர். 2014-இல் நகராட்சி 4 கோடியே 10 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

1841-இல் ஒரு கதாசிரியர் எழுதி வைத்தார்: சான்று சொல்வோர் ஒருவருக்கொருவர் முரண்பட்டால், அங்கே நின்று சிந்தி என்று. நியூயார்க்கில் அதே முரண்பாடு கண்முன் கிடந்தது. நிற்கவுமில்லை, சிந்திக்கவுமில்லை. புரியாத குரலை அயலான் மேல் ஏற்றினார்கள்; எழுத்தனை அடைத்தார்கள். துய்ப்பன் வரவில்லை.

நேர்மைக்காக ஒன்று சொல்லவேண்டும். நீதிமன்றத்தில் அந்த வழக்கை வாதிட்டவர் ஃபேர்ஸ்டீன் அல்லர்; வாதிட்டவர் அப்பிரிவைச் சேர்ந்த வேறொரு வழக்குரைஞர், தலைமை இவருடையது. விசாரணையில் வற்புறுத்தல் இல்லை, நடந்தது முறையாகவே நடந்தது என்று அவர் தொடர்ந்து கூறிவந்திருக்கிறார். வழக்கைப் பற்றி 2019-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் தம்மை இழிவுபடுத்தியது என்று 2020-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அட்டிகா லாக் அத்தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவர். 2024-இல் அது இணக்கத்தில் முடிந்தபோது, தொடரை வெளியிட்ட நிறுவனம், தவறாகத் தண்டிக்கப்பட்டோரை மீட்கப் பாடுபடும் ஓர் அமைப்புக்குப் பத்து இலட்சம் டாலர் நன்கொடை தர ஒப்புக்கொண்டது. அவரவர் வாதம் அவரவர்க்கு உண்டு. நாம் இங்கே ஆராய்வது சங்கத்தின் செயலை.

நூலைப் பார், நூலாசிரியரைப் பாராதே என்று சிலர் வாதிட்டனர். மறுக்கத்தக்க வாதமன்று, வேறிடத்தில் நாமே அதைச் சொல்லியிருப்போம். ஆனால் பேராசான் பட்டம் ஒரு நூலுக்குரிய பரிசா? வாழ்நாள் பணிக்கு உரியதல்லவா? மேலும், அந்த நாவல்களின் நாயகி யார்? மன்ஹாட்டன் அலுவலகத்தில் அதே பிரிவில் பணிபுரியும் பெண் வழக்குரைஞர்! உண்மையான அலுவலகத்தின் உள்ளிருந்து எழுதப்பட்டவை என்பதுதான் அந்நூல்களின் ஈர்ப்பு. விற்கும்போது வாழ்வைக் காட்டி விற்பது, வினவும்போது வாழ்வை மறைத்துக் கதையை மட்டும் பார் என்பது, இது எந்த ஊர் நியாயம்?

கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சிப் பட்டத்தைப் பறித்தார்கள் என்று இன்னொரு குறை. பட்டம் எவர்க்கும் பிறப்புரிமையன்று. பறித்ததால் ஒருவரும் சிறை செல்லவில்லை. ஆயினும் இந்தக் குறையில் ஒரு பாதி உண்மை. இரண்டு நாளில் கொடுத்து இரண்டு நாளில் எடுத்தவர்கள் கொடுத்தபோதும் ஆராயவில்லை, எடுத்தபோதும் ஆராயவில்லை. சங்கம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? தேர்ந்தெடுத்த வேளையில், அந்தச் சர்ச்சையில் அவருக்கு இருந்த பங்கு தமக்குத் தெரியாதாம்! இருபத்தொன்பது ஆண்டுகளாக நாளேடுகளில் வந்த செய்தி. 2012-இல் முழுநீள ஆவணப் படமாகவே வந்த செய்தி. நடந்ததோ ஆண்டுதோறும் இவர்கள் விருந்துண்ணும் அதே ஊர். துப்பறியும் கதை எழுதுவோர் சங்கத்துக்குத் துப்புக் கிடைக்கவில்லை! ஒரு நாவலில் இப்படி ஒரு துப்பறிவாளனைப் படைத்து அனுப்பினால் அந்தக் கையெழுத்துப் படியைத் திருப்பி அனுப்பிவிடமாட்டார்களா?

அதனினும் நம்மை உறுத்துவது சர்ச்சை என்ற அந்தச் சொல். நீதிமன்றம் தள்ளுபடி செய்த தீர்ப்பு. நகராட்சி கோடிக்கணக்கில் ஈடு கொடுத்த பிழை. அதற்குச் சங்கம் சூட்டிய பெயர் சர்ச்சை. பட்டத்தை எடுத்தார்கள், எதற்காக எடுத்தோம் என்று எழுதவில்லை. மதிப்பியல் பட்டங்களுக்கான தேர்வு முறையைத் திருத்துவோம் என்றார்கள். எந்த அளவுகோலைக் கொண்டு என்று சொல்லவில்லை. சொல்லின் பொருளை நாடியே வாழும் எழுத்தாளர் கூட்டம் இந்த ஓரிடத்தில் வழக்குமன்ற எழுத்தரின் மொழியில் ஒதுங்கிக்கொண்டது.

அடுத்து வந்த 2020-க்கான பட்டம் பார்பரா நீலிக்கு அறிவிக்கப்பட்டது. 1992-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலை நம் தோழர்கள் தேடிப் படிக்கவேண்டும். அதில் துப்பறிபவள் பிளாஞ்ச் என்னும் கறுப்பின வீட்டு வேலைக்காரி. கணக்கில் பணமில்லாமல் காசோலை எழுதிய குற்றத்துக்கு 30 நாள் சிறை என்று நீதிபதி சொன்னதும், அவள் நீதிமன்றத்திலிருந்தே நழுவி ஓடி, ஒரு வெள்ளையர் மாளிகையில் சமையலறை வழியாக நுழைந்து ஒளிந்துகொள்கிறாள். வேலைக்காரியை யார் ஏறிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? பார்க்காதவர்கள் முன்னால் பேசக்கூடாததெல்லாம் பேசுகிறார்கள். அவள் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்கிறாள். காவல் துறை நாலு பக்கமும் தேடும் பெண், காவல் துறை காணாத கொலையைக் கண்டுபிடிக்கிறாள். பட்டம் அறிவிக்கப்பட்ட சில திங்களில், 2020 மார்ச்சில், நீலி மறைந்தார். பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு விருந்தும் நடைபெறவில்லை.